பெயர் சூட்டினால் போதுமா?

1865-இல் தொடங்கப்பட்ட பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த நடுகல் ஒன்று உண்டு. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்ததால் அதனை ஆதகூர்க் கல்வெட்டு என்பர். கல்லில் ஒரு நாயும் ஒரு காட்டுப்பன்றியும் மோதும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. அதனுடன் பழங்கன்னட எழுத்துகள். காலம் கி.பி. 949–950.

வரலாற்று மாணவர்கள் இக்கல்லை மதிப்பதற்குக் காரணம் தக்கோலப் போர். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்கும் சோழருக்கும் நடந்த அப்போரில், முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமீதிருந்தபடியே உயிர்துறந்தான். கங்க மன்னன் இரண்டாம் பூதுகன் இராட்டிரகூடர் பக்கம் நின்று போரிட்டான். அவனைச் சார்ந்த வீரன் மணலேரன். அவனது வீரத்தைக் கண்டு மகிழ்ந்த அரசன், வேண்டியதைக் கேள் என்றான். ஊரையோ பொன்னையோ கேட்டிருக்கலாம். மணலேரன் கேட்டது அரசனின் வேட்டை நாயை. அதன் பெயர் காளி. பின்னொரு நாள் காளி ஒரு பெருங்காட்டுப்பன்றியோடு பொருதது, இரண்டுமே மாண்டன. ஆதகூர்ச் சிவன் கோயிலின் முன் காளிக்குக் கல் நாட்டப்பட்டது. அதன் வழிபாட்டுக்கு நிலமும் விடப்பட்டது. அந்நிலத்தை அனுபவிக்கும் பூசகர் கல்லை வழிபடாமல் உணவு கொண்டால் பாவம் சேரும் என்ற எச்சரிக்கையும் பொறிக்கப்பட்டது.

தமிழகத்திலும் இத்தகைய கல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்து நடுகல்லொன்று, தலைவன் வீழ்ந்த பிறகும் அவனருகே நின்று கள்வரைக் கடித்துக் காத்த ஒரு நாயைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதன் பெயர் கோவிவன்.

ஓர் அரசகுமாரனின் மரணத்தைச் சொல்லும் கல், ஒரு நாயின் மரணத்தையும் சொல்கிறது. உண்மையில் அது எழுப்பப்பட்டது நாய்க்காகவே. இன்று பெங்களூருத் தெருக்களில் திரியும் நாய்களைக் குறிக்க அலுவலகங்களும் நாளிதழ்களும் வெவ்வேறு சொற்களைக் கையாள்கின்றன. அச்சொற்களில் எதைத் தேர்வது என்பதே வழக்காடுமிடமாகிவிட்டது. மனிதனுக்கும் பிற உயிர்களுக்கும் இடையிலான உறவில் சொல்லுக்கு அத்தனை ஆற்றல் உண்டா? சொல்லை மாற்றினால் உறவு மாறுமா?

அஃறிணையும் அன்பின் வழுவும்

தமிழ் இலக்கணம் கற்கப் புகும் சிறுவன் முதலில் அறிவது திணைப் பாகுபாட்டை. மக்கள் உயர்திணை, ஏனைய யாவும் அஃறிணை. 'அல்' என்பதும் 'திணை' என்பதும் சேர்ந்தது அச்சொல். உயர்திணை அல்லாதது என்பது பொருள். பசுவும் பாறையும், கிளியும் கிண்ணமும் ஒரே வகுப்பில் அடங்கிவிடுகின்றன. பசு 'வந்தது', பேருந்தும் 'வந்தது'. கன்னடத்திலும் நாய், பசு, ஏரி மூன்றும் நபும்சக லிங்கமே; மூன்றையும் 'அது' என்ற அதே சொல்லால்தான் கன்னடம் சுட்டுகிறது.

இதைக் கொண்டு, நம் மொழிகள் விலங்கைப் பொருளாகப் பார்க்கக் கற்பித்தன என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது அவசர முடிவு. தொல்காப்பியத்தின் மரபியலைத் திறந்தால் வேறொரு உலகம் தென்படும். அங்கே உயிர்கள் புலனறிவின் அளவால் வரிசைப்படுகின்றன: புல்லும் மரமும் ஓரறிவுயிர்; அதிலிருந்து படிப்படியாக மக்கள் வரை. ஓரறிவும் அறிவே. உயிருக்கும் உயிரற்றதற்கும் இடையே கோடு கிழித்து, உயிர்களுக்கிடையே படிகளை மட்டும் வைத்த பகுப்பு அது. ஆறாம் அறிவு விலங்கினத்திலும் ஒருசாரார்க்கு உண்டு என்னும் கருத்துக்கும் உரைமரபில் இடமிருக்கிறது.

இளமைப் பெயர்கள் இன்னும் வியப்பானவை. எந்த உயிரின் இளமையை எச்சொல்லால் வழங்குவது என்று தொல்காப்பியர் வரையறுக்கிறார். யானையின் இளமைக்குக் 'குழவி' என்ற பெயர் உரியது என்கிறார். பசுவுக்கும் எருமைக்கும் அதுவே ஆகும் என்கிறார். மனிதக் குழந்தைக்கு எத்தனை சொற்கள்? குழவி, மகவு என்னும் இரண்டே. இவற்றுள் குழவியை யானையோடும், மகவைக் குரங்கோடும் மனிதன் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தனக்கென்று தனித்த ஒரு சொல்கூட அவன் குழந்தைக்கு இல்லை! வழக்குத் தமிழ் இதையும் கடந்தது. தென்னையின் நாற்று 'தென்னம்பிள்ளை', வாழையினது 'வாழைக்கன்று'. தோட்டத்தில் நாற்று நடுபவர் தம்மையறியாமலே பிள்ளையையும் கன்றையும் நடுகிறார்.

வினைமுற்றில் விலக்கி வைத்த உயிர்களைப் பெயர்ச்சொல்லில் அணைத்துக்கொண்ட மொழி இது. அந்த வினைமுற்றும்கூட இளகும் இடமொன்று உண்டு. பசுவை வளர்ப்பவர் அன்பு மேலிட்டு அதனை 'அம்மை' என்று அழைத்து, 'வந்தது' என்னாமல் 'வந்தாள்' என்று சொல்வார். இலக்கணப்படி இது திணை வழு. ஆயினும் உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வருவது இயல்பே என்று நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. அன்பினால் நேரும் பிழையை இலக்கணமே அனுமதித்துவிட்டது.

பவணந்தி முனிவரை நன்னூல் இயற்றத் தூண்டியவன் சீயகங்கன் என்னும் சிற்றரசன். பெங்களூருவுக்குக் கிழக்கேயுள்ள கோலார்ப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட கங்கர் மரபினன் அவன். மணலேரனுக்கு அந்த நாயைக் கொடுத்த பூதுகனும் கங்கனே. இதில் பெரிய உட்பொருள் எதையும் தேட வேண்டியதில்லை. நினைவில் இருத்தத்தக்க இனிய ஒற்றுமை, அவ்வளவே.

அந்த ஐந்து காரணங்களில் சினமும் இழிப்பும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அன்பினால் பசு 'அவள்' ஆகிறது. சினத்தால் மனிதன் 'நாய்' ஆகிறான். திணையின் கதவு இருபுறமும் திறக்கும். அடியார்கள் இறைவன்முன் தம்மைத் தாழ்த்திக்கொள்ள 'நாயேன்' என்றனர், அது பணிவு. தெருச்சண்டையில் வரும் அதே சொல் வசை. மகாபாரதத்தின் இறுதியில் தருமபுத்திரனைப் பின்தொடர்ந்து இமயம் வரை சென்ற நாய்க்கோ பெயரே கிடையாது. ஆனால் அதை விட்டுவிட்டு விமானத்தில் ஏறுமாறு இந்திரன் கூறியபோது, தன்னிடம் அன்பு பூண்டு அடைக்கலம் புகுந்ததைக் கைவிடமாட்டேன் என்று தருமன் மறுத்தான். 'நாய்' என்ற வகைப்பெயரை இந்திரன் பயன்படுத்திய இடத்தில், 'அடைக்கலம் புகுந்தது' என்ற உறவுப்பெயரைத் தருமன் வைத்தான். வாதத்தின் முடிவு அந்த ஒரு சொல்மாற்றத்திலேயே அடங்கியிருந்தது.

கர்நாடகத்துப் பள்ளிக் குழந்தைகள் அனைவரும் அறிந்த 'கோவின ஹாடு' என்ற நாட்டுப்பாடல் இதையும் மிஞ்சியது. புண்யகோடி என்ற பசு, கன்றுக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்புவதாகப் புலியிடம் வாக்களிக்கிறது. வாக்குத் தவறாமல் திரும்பியும் வருகிறது. மனிதனுக்கே உரியது என்று எண்ணப்படும் மொழியின் மிக உயர்ந்த பயனான சொல் காத்தலை, அப்பாடல் ஒரு பசுவிடம் ஒப்படைத்திருக்கிறது.

நாமமும் ரூபமும்

இந்தியத் தத்துவ மரபில் சொல்லைப் பற்றி ஆழமாக ஆராய்ந்தவர் பர்த்ருஹரி. ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவரது 'வாக்யபதீயம்', சொல் கலவாத அறிவு உலக வழக்கில் இல்லை என்று நிறுவ முயல்கிறது. ஒரு பொருளை அறிந்துவிட்டுப் பிறகு அதற்குப் பெயரிடுகிறோம் என்பது நம் எண்ணம். அறியும்போதே பெயரும் உடன் வருகிறது என்பது அவர் துணிபு. இருபதாம் நூற்றாண்டில் மேலைநாட்டு மொழியியலாளர் சிலர், மொழியே சிந்தனையைச் சிறைப்படுத்துகிறது என்ற அளவுக்குச் சென்றனர். அந்தத் தீவிர வடிவத்தை இன்று அறிஞர் பெரும்பாலோர் ஏற்பதில்லை. மொழி கவனத்தைத் திருப்புகிறது, சிலவற்றை எளிதில் காணவும் சிலவற்றை எளிதில் மறக்கவும் செய்கிறது என்ற மிதமான கருத்தே நிலைத்திருக்கிறது.

அத்வைத நூல்கள் இதே செய்தியை வேறொரு கோணத்தில் அணுகுகின்றன. காணும் ஒவ்வொன்றிலும் ஐந்து கூறுகள் உள்ளன என்பர்: இருத்தல், விளங்குதல், இனியதாதல், பெயர், வடிவம். முதல் மூன்றும் எங்கும் பொதுவானவை. அவை பிரம்மத்தின் இயல்பு. இறுதி இரண்டுமே ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவன. நாயை நாயாகவும் மரத்தை மரமாகவும் நிறுத்துவது நாம-ரூபம். இதைச் சிலர் பிழையாகப் புரிந்துகொண்டு, பெயர்களெல்லாம் மாயை, ஆகவே எதை எப்படி அழைத்தால் என்ன என்கின்றனர். அந்நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. வியவகார உலகில் வாழும் வரை பெயரின்றி வாழ்வில்லை. பெயர் மறைக்கவும் செய்யும், சுட்டவும் செய்யும். எந்தப் பெயர் எதை மறைக்கிறது என்று விழிப்போடு பார்ப்பதுதான் விவேகியின் வேலை.

அவ்வாறு பார்ப்பதற்கு அயலில் எங்கும் செல்ல வேண்டாம். பெங்களூருவின் ஏரிகளே போதும்.

ராஜகாலுவே வடிகாலான கதை

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமைந்த ஊர் பெங்களூரு. வற்றாத பேராறு எதுவும் அருகில் இல்லை. மேற்கே விழும் மழைநீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியை அடையும்; கிழக்கும் தெற்கும் விழுவது தென்பெண்ணைக்குச் செல்லும். ஓடிவிடும் இந்நீரை நிறுத்திவைக்க முன்னோர் ஏரிகளைச் சங்கிலியாகக் கட்டினர். மேல் ஏரி நிரம்பினால் அதன் மிகுதி கால்வாய் வழியே கீழ் ஏரிக்குப் போகும்.

இந்த நீரமைப்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் கன்னடத்தில் தனிப்பெயர் இருந்தது. பெரியது கெரெ. சிறு தேக்கம் கட்டெ. அதனினும் சிறிய குட்டை குண்டெ. படிக்கட்டுடைய கோயில் குளம் கல்யாணி. மாடுகள் நீரருந்த அமைத்தது கோகட்டெ. தமிழகத்திலும் ஏரி, கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி, கேணி என்று பெயர்கள் பல உண்டு. ஊருணி என்றதும் ஊரார் பருகும் நீர் என்பது விளங்கும். அதில் மாட்டை இறக்கலாகாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கோகட்டெ என்றதும் அது மாட்டுக்கு உரியது என்று தெரியும். பெயரிலேயே உரிமையாளர் இருந்தார். சில இடங்களில் அந்த உரிமையாளருக்குக் கொம்பும் வாலும் இருந்தன!

ஏரிகளை இணைத்த பெருங்கால்வாயின் பெயர் ராஜகாலுவே. அரசனுக்குரிய மதிப்பை ஒரு கால்வாய்க்குத் தந்த சொல் அது. ஏரியின் மதகைத் திறந்து வயலுக்கு முறைவைத்து நீர்விடுபவர் நீருகண்டி; தமிழகத்தில் அவரே நீர்க்கட்டி. ஏரியைப் பேணுவதற்கென்று விடப்பட்ட நிலமும் உண்டு. உத்திரமேரூரில் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவையே குறிக்கின்றன. ஆண்டுதோறும் அதற்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவன் மகன் இராசாதித்தன் தக்கோலத்தில் வீழ்வதற்கு முன் வெட்டுவித்தது என்று மரபு கூறும் வீரநாராயணன் ஏரி, வீராணம் என்ற பெயரோடு இன்றும் சென்னைக்கு நீர் தருகிறது.

1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து பெங்களூருவுக்குக் குழாயில் நீர் வந்தது. 1974-இல் காவிரி நீர் வந்தது. வீட்டுக்குள் குழாய் வந்த பிறகு, ஏரிக்குச் செல்வோர் குறைந்தனர். செல்வோர் குறைந்தபின் அச்சொற்களைப் பேசுவோரும் குறைந்தனர். அந்த இடத்தை அலுவலகச் சொற்கள் நிரப்பின. கர்நாடக நில வருவாய் விதிகளில் சாகுபடிக்கு ஆகாத நிலம் 'கராபு' எனப்படுகிறது. பாழ், கெட்டது என்று பொருள்படும் அயற்சொல் அது. அதில் இரண்டாம் வகையான 'பி-கராபு' என்பதில் ஏரி, ஓடை, பாதை போன்ற பொது இடங்கள் அடங்கும். வரி வசூலிக்க முடியாத நிலத்தைக் குறிக்க எழுத்தர் ஒருவருக்கு வசதியான சொல். அதன் உள்நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் நூறாண்டுகள் ஓர் ஏரியைப் 'பாழ்' என்ற தலைப்பின்கீழ் எழுதிவந்தால், அதை நிரப்பி வீடு கட்டுவது பாழைச் சீர்திருத்துவதாகவே தோன்றும்.

தமிழர் இதைக் கண்டு பெருமூச்சுவிட இடமில்லை. 'புறம்போக்கு' என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இதுவே. தனிவுரிமைக்கும் வரிவிதிப்புக்கும் புறம்பாக, எல்லோருக்குமாக விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். மேய்ச்சல் நிலமும் நீர்நிலையும் இடுகாடும் அதில் அடங்கும். இன்று அச்சொல்லைத் தமிழ்நாட்டில் ஒரு மனிதனை நோக்கிச் சொன்னால் கைகலப்பு வரும். பொதுவுடைமையைக் குறித்த சொல் எதற்கும் பயனற்றவனைக் குறிக்கும் வசையாகிவிட்டது. எல்லோருக்கும் உரியது யாருக்கும் உரியதன்று என்று எப்போது எண்ணத் தொடங்கினோமோ, அப்போது நிகழ்ந்த மாற்றம் இது.

ராஜகாலுவேக்கும் ஆங்கில ஆவணங்களில் வேறு பெயர் வந்தது; தமிழில் சொன்னால், மழைநீர் வடிகால். காலுவே என்பது நீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு சேர்ப்பது. வடிகால் என்பது வேண்டாத நீரை அகற்றுவது. முன்னதற்கு இரு முனைகள் உண்டு, பின்னதற்கு ஒன்றே. வேண்டாததை அகற்றும் வழி என்று ஆனபின் வீட்டுச் சாக்கடையை அதில் இணைப்பதற்கு என்ன தடை? அதன்மேல் சுவர் எழுப்புவதற்குத்தான் என்ன தயக்கம்? சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கி, 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பற்றி எரிந்தது. நீர் எரிந்த செய்தி உலகெங்கும் பரவியது. 2022 செப்டம்பரில் பெய்த பெருமழையில் அதே பகுதியின் செல்வச் செழிப்பான குடியிருப்புகளுக்குள் நீர் புகுந்து, மக்களைப் படகிலும் டிராக்டரிலும் மீட்டனர். அப்போது நாளிதழ்களெங்கும் பழைய சொல் திரும்பி வந்தது: ராஜகாலுவே ஆக்கிரமிப்பு. நீர் தன் பெயரை மறக்கவில்லை போலும்.

சொல்மாற்றம்தான் ஏரிகளை அழித்தது என்று கூறுவது மிகை. நிலத்தின் விலையும், நகரின் வேகமும், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டின் குறைவுமே நேரடிக் காரணங்கள். ஆனால் மனம் உறுத்தாமல் அழிப்பதற்கு ஒரு சொல் துணைநின்றது.

இதற்கு எதிர்மறையான படம் கர்நாடகத்தின் தென்கோடியில், பிளிகிரிரங்கன் மலையில் கிடைக்கிறது. அங்கு வாழும் சோலிகர் பழங்குடியினர் தேனீ என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துவதில்லை. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கூடுகட்டும் பெருந்தேனீ ஹெஜ்ஜேனு. பொந்தில் வாழ்வது துடுவே. குச்சியில் தொங்கும் சிறுகூடு கட்டுவது கட்டிஜேனு. கொடுக்கற்ற மிகச் சிறியது நெசரி. ஒவ்வொன்றையும் அணுகும் முறை வேறு. அவர்களிடம் 'தரகு பெங்கி' என்ற வழக்கமும் இருந்தது. கோடையின் தொடக்கத்தில் உதிர்ந்த சருகை மட்டும் தாழ எரிக்கும் சிறுதீ அது. 1974-இல் அக்காடு சரணாலயமானபின் அதற்குத் தடை வந்தது. சட்டத்தின் மொழியில் சருகுத்தீ, பெருந்தீ என்ற வேறுபாடு இல்லை, எல்லாம் காட்டுத்தீ. அத்தீ நின்றபிறகுதான் உண்ணிச்செடி காடெங்கும் புதராக மண்டியது என்பது சோலிகரின் கூற்று. பெங்களூருவிலுள்ள ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தார் அக்கூற்றைப் பொருட்படுத்தி ஆராய்ந்திருக்கின்றனர். 2011-இல் அக்காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் சோலிகரின் சமூக வன உரிமையும் ஏற்கப்பட்டது.

தாய் என்று அழைத்த பிறகு

இதுவரை சொன்னதிலிருந்து ஒரு முடிவை எளிதாக எட்டிவிடலாம்: இழிந்த பெயர் கெடுக்கும், உயர்ந்த பெயர் காக்கும், ஆகவே எல்லாவற்றுக்கும் புனிதப் பெயர் சூட்டுவோம். ஆன்மிக அன்பர்களுக்கு இம்முடிவு இனிக்கவும் செய்யும். ஆனால் பெங்களூரு இதை ஏற்கவிடாது.

பசவனகுடியின் பெரிய நந்தியின் காலடியில் ஊற்றெடுப்பதாக மரபு கூறும் ஆறு விருஷபாவதி. ரிஷபத்தை உடையவள் என்பது பெயரின் பொருள். இதைவிட மங்கலமான பெயர் ஓர் ஆற்றுக்குக் கிடைத்தல் அரிது. பெங்களூருவின் கழிவுநீரைப் பல பத்தாண்டுகளாகச் சுமந்துவருவதும் அந்த ஆறே. அதன் கரையில் குடியிருப்போர் பலர் அதை 'மோரி' என்பர். சாக்கடை என்று பொருள். புனிதப் பெயர் ஆவணத்திலும் தலபுராணத்திலும் இருந்தது. ஆற்றில் கழிவு ஓடியது. ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை. பசுவைத் தாய் என்று போற்றும் தெருவிலேயே, குப்பைமேட்டில் பாலிதீன் பையை மெல்லும் பசுவையும் காண்கிறோம். உயர்ந்த பெயர் சில வேளைகளில் மூடியாகவும் அமைந்துவிடுகிறது: 'தாய்' என்று அழைத்தாயிற்று, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிறைவை அது தருகிறது. இழித்த சொல்லைவிட இது நுட்பமான ஆபத்து. இழித்துச் சொல்பவனைத் திருத்த முடியும். போற்றிவிட்டுப் போகிறவனிடம் என்ன சொல்ல?

தெருநாய்களின் செய்தியிலும் இதே சிக்கல்தான். 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெங்களூருவில் நாய்கள் தாக்கிக் குழந்தைகள் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தின் சினத்தில் நகரெங்கும் நாய்கள் பிடித்துக் கொல்லப்பட்டன. 2001-இல் மத்திய அரசு வகுத்த கருத்தடை விதிகள் 'தெருநாய்' என்ற சொல்லைக் கையாண்டன. 2023-இல் அவற்றுக்கு மாற்றாக வந்த விதிகளில் 'சமூக விலங்கு' என்ற சொல் இடம்பெற்றது. தில்லியின் தெருநாய்களை எல்லாம் காப்பகங்களில் அடைக்குமாறு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே மாதத்தில் அதைத் திருத்தி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பழைய இடத்திலேயே விடலாம் என்றது.

'சமூக விலங்கு' என்பது நல்ல சொல். ஆனால் அச்சமூகம் யார்? மாலையில் பிஸ்கட் போடுபவரா, அதிகாலையில் பால் பாக்கெட் எடுத்துச் செல்லும்போது கடிபட்ட சிறுவனா? தடுப்பூசிக்குப் பொறுப்பேற்பவர் யார்? வெறிநாய்க்கடிக்கு உரிய காலத்தில் மருந்து கொள்ளாமல் நோய் முற்றினால் உயிர் பிழைப்பது ஏறத்தாழ இயலாது. கடிபட்ட குழந்தையின் தாயிடம் இது தெருநாய் அன்று, சமூக விலங்கு என்று திருத்திச் சொல்வது கருணையாகாது. முன்பு சிற்றூரில் 'ஊர்நாய்' என்றொரு சொல் இருந்தது. அதற்கு மீதிச்சோறு வைக்கும் நாலைந்து வீடுகள் இருந்தன. அது யாரைப் பார்த்துக் குரைக்கும், யாரைக் கண்டு வாலாட்டும் என்பது ஊருக்குத் தெரியும். சொல்லும் நடத்தையும் ஒருங்கே வளர்ந்தவை அவை.

இங்குதான் ஆதகூர்க் கல்லை மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறது. அது காளியைத் தெய்வமென்று புகழ்ந்து நிறுத்தவில்லை. இன்ன நிலம், அதை அனுபவிப்பவர் இன்னார், அவர் செய்ய வேண்டியது இன்னது, தவறினால் விளைவு இன்னது என்று முடிகிறது. ராஜகாலுவேக்கு நீருகண்டி இருந்தார். ஏரிக்கு வாரியம் இருந்தது. தருமபுத்திரன் 'அடைக்கலம் புகுந்தது' என்று சொன்னதோடு விமானத்தில் ஏறவில்லை, ஏறாமல் நின்றான்.

பெங்களூருவில் கெம்பேகவுடர் பெயரால் வழங்கும் பேருந்து நிலையம் நிற்கும் இடத்தில் முன்பு ஓர் ஏரி இருந்தது. அதன் பெயர் தர்மாம்புதி. தருமக் கடல் என்று பொருள். அப்பெயருக்கு இணையான பெயர் நகரின் ஏரிகளில் வேறெதற்கும் இருந்ததாகத் தெரியவில்லை. இன்று அங்கே ஒரு துளி நீரில்லை. அதற்குக் கிழக்கே, ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்துள்ள இடத்தில் சம்பங்கி ஏரி இருந்தது. அதற்குச் சிறப்பான பெயர் என்று ஒன்றுமில்லை. ஒரு பூவின் பெயர்தான். அந்த ஏரியும் போய்விட்டது. ஆனால் அதன் ஓரத்தில் ஒரு சிறு குளம் மட்டும் மூடப்படாமல் எஞ்சியிருக்கிறது.

அது எஞ்சியதற்குக் காரணம் கரகம். தருமபுத்திரனின் பெயரால் அமைந்த தர்மராயசுவாமி கோயிலின் கரகத் திருவிழா ஆண்டுதோறும் சைத்ர மாதத்து முழுநிலவையொட்டி நடைபெறுகிறது. அதை நடத்துவோர் திகளர். நெடுங்காலத்துக்கு முன் தமிழகப் பகுதியிலிருந்து வந்து பெங்களூருவில் தோட்டங்கள் போட்டு வாழ்ந்தவர்களாகக் கருதப்படும் சமூகத்தினர். விழாவின் முக்கியச் சடங்கொன்று சம்பங்கி ஏரியின் நீர்க்கரையில்தான் நடந்தாக வேண்டும். அரங்கம் வந்தது, சாலை வந்தது, தோட்டங்கள் அனைத்தும் வீடுகளாயின. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் சிலர் அந்த நீரைத் தேடி வந்துகொண்டே இருந்தனர்.